பெட்டிக்குள் போன ஹார்ட் டிஸ்க்

இன்று காலை மேசை டிராயரைத் திறந்தபோது அந்த வாசனை வந்தது. வாங்கி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் புது ஹார்ட் டிஸ்க்கின் வாசனை போகவில்லை. ரப்பரும் புதுப் பெயிண்டும் கலந்த மாதிரி. உங்களுக்கு அது பிடிக்கும். அட்டையைக் கிழித்ததும் மூக்குக்கிட்டே கொண்டுபோய் மோந்து பார்ப்பீர்கள். "என்ன, மல்லிப்பூவா வாங்கியாந்திருக்கீங்க?" என்று நான் கேட்பேன். நீங்கள் பதில் சொல்லாமல் ஒயரைத் தேடுவீர்கள்.

இந்தத் தடவை அதை வாங்கியது நான். ஏன் வாங்கினேன் என்று இதுவரை யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லியாக வேண்டும். உங்கள் காலடியில் என்ன கிடக்கிறது என்பது உங்களுக்கே தெரியாமல் இருக்கக் கூடாது இல்லையா?

கிள்ளானில் நம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குக் கல்யாணத்துக்குப் படம் எடுப்பதும் நீங்கள்தான், பெண்பிள்ளைகளின் சடங்குக்கும் நீங்கள்தான், சாவுக்கும் நீங்கள்தான். நாம் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் என்று யாரும் வித்தியாசம் பார்த்ததில்லை. போன் எடுப்பதும் ஆல்பம் அடுக்குவதும் என் வேலை. கேமராவோடு அலைவது உங்கள் வேலை. சாவு வீட்டில் பெட்டியை மூடுவதற்கு முன் குடும்பம் மொத்தமும் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். அதற்கு நீங்கள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி நின்று, கூட்டத்தைப் பார்த்துச் சொல்வது எப்போதும் ஒன்றுதான். "யாரும் கீழ பாக்காதீங்க. ஒரு நிமிஷம் என்னைப் பாருங்க."

எங்கள் அம்மா செத்தபோதும் அதையேதான் சொன்னீர்கள். எனக்குக் கோபம் வந்தது. பெட்டிக்குள் பெற்றவள் கிடக்கும்போது உங்களை ஏன் பார்க்க வேண்டும்? பிறகு கேட்டபோது, "கீழ பாத்தா முகம் தெரியாது. நாளைக்கு இவங்கள்ல ஒருத்தர் போயிட்டா, இந்தப் படத்துலேருந்துதான் முகத்த வெட்டிப் பெருசாக்கித் தரச் சொல்லுவாங்க" என்றீர்கள். சொல்லிவிட்டு டீ கேட்டீர்கள். எந்தச் சாவு வீட்டிலிருந்து வந்தாலும் குளித்து முடித்ததும் டீ. பச்சைப்பிள்ளையின் சாவாக இருந்தாலும் டீ. "கல்லு நெஞ்சுக்காரரு" என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். சிரித்துக்கொண்டே பிஸ்கட்டை நனைத்துச் சாப்பிடுவீர்கள்.

படத்தோடு கொஞ்சம் வீடியோவும் எடுப்பீர்கள். அதை அப்படியே கொடுக்கிற வழக்கம் இல்லை. ஆட்கள் பேசுகிற சத்தத்தையெல்லாம் எடுத்துவிட்டு, மேலே ஒரு பாட்டைப் போட்டுத்தான் கொடுப்பீர்கள். கொடுத்த பிறகு இடம் போதவில்லை என்று வீடியோ மூலத்தை அழித்துவிட்டுப் படங்களை மட்டும் வைத்திருப்பீர்கள். வந்து வாங்காதவர்களுடைய வீடியோவையும் தொட மாட்டீர்கள். கல்யாணப் படத்துக்கு மறுநாளே போன் போட்டு உயிரை எடுப்பார்கள், சாவுப் படத்துக்கு யாரும் அவசரப்படுவதில்லை. சிலர் வருஷக்கணக்கில் வர மாட்டார்கள். "அழிச்சிட வேண்டியதுதானே" என்று நான் சொன்னால், "வருவாங்க. சாவுப் படத்த ஒடனே பாக்க மனசு வராது. ஒருநாள் வருவாங்க, அன்னிக்கி நம்மகிட்ட இருக்கணும்லா" என்பீர்கள். அதற்காகவே எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒன்றும், நீல ரப்பர் உறை போட்ட ஹார்ட் டிஸ்க்கில் ஒன்றுமாக வைத்திருந்தீர்கள்.

போன வருஷம் உங்களுக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியில் தொண்டையில் குழாய் போட்ட பிறகு நீங்கள் பேசவே இல்லை. கண்ணால் என்னமோ கேட்டீர்கள். நான் தண்ணீர் என்று நினைத்தேன், மகள் ஸ்டெல்லா விசிறிவிடச் சொல்கிறார் என்றாள். இரண்டுமே இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டீர்கள். என்ன கேட்டீர்கள் என்பது கடைசி வரை தெரியாமல் போயிற்று.

உங்கள் பெட்டியை மூடுவதற்கு முன் உங்கள் அக்கா ஓடிப்போய்க் கேமராப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். நல்ல கேமராவை ஸ்டெல்லா ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தாள். பையில் ஓடாத பழைய கேமரா ஒன்றுதான் இருக்கிறது என்று எல்லாரும் நினைத்தோம். "எந்தம்பி இந்தப் பை இல்லாம எங்கயும் போனதில்ல. கூடவே போகட்டும்லா" என்று அழுதார். யாருக்கும் மறுக்கத் தோன்றவில்லை. ஜெபமாலையைக் கையில் சுற்றி, பையைக் காலடியில் வைத்தோம். பக்கத்து ஜிப்பை யாரும் திறந்து பார்க்கவில்லை.

படம் எடுக்க வந்தவர் உங்களுக்குத் தெரிந்த ஆள்தான். பாவம், உங்கள் முன்னால் நின்று எங்களிடம் எதுவும் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அந்தப் படத்தில் எல்லாரும் கீழேதான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வெறும் தலைமுடியாகத் தெரிகிறது.

அதன் பிறகு உங்கள் கம்ப்யூட்டரை நான் தொடவில்லை. அதில் "வீடு" என்று ஒரு கோப்புறை உண்டு. ஸ்டெல்லா குழந்தையாக இருந்த நாளிலிருந்து நம் வீட்டுக்காக நீங்கள் எடுத்த வீடியோ எல்லாம் அதில்தான். உங்களைப் பிடித்த படத்துக்கு என்னிடம் பஞ்சமில்லை. குரல்தான் இல்லை. போனில் குரல் பதிந்து அனுப்பும் பழக்கமே உங்களுக்குக் கிடையாது, "என்ன ரேடியோவா நடத்துறேன்?" என்பீர்கள். ஆனால் அந்த வீடியோக்களில் கேமராவுக்குப் பின்னால் நின்று ஓயாமல் பேசிக்கொண்டிருப்பீர்கள். ஸ்டெல்லா முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை அன்று என் சேலை மடிப்பைக் கிண்டல் பண்ணியதுகூட அதில் இருக்கிறது. கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். கேட்டால் தாங்க மாட்டேன் என்று தள்ளிப்போடுவேன். முப்பதாம் நாள் பூசை முடியட்டும் என்றேன், கிறிஸ்துமஸ் போகட்டும் என்றேன். எங்கே போய்விடும், இரண்டு இடத்தில் பத்திரமாக இருக்கிறதே என்று இருந்துவிட்டேன்.

அப்போதுதான் ஜெஞ்சாரோமிலிருந்து சரோஜா போன் பண்ணினாள். ஞாபகம் இருக்கிறதா? அவள் மகள் ஷாலினியின் சடங்குக்கு நீங்கள்தான் படம் எடுத்தீர்கள். இரண்டு வருஷம் கழித்து அந்தப் பிள்ளையை லோரி மோதி, அதே வீட்டுக்குச் சாவுப் படம் எடுக்கப் போனீர்கள். சரோஜா அதை வாங்க வரவே இல்லை.

"அண்ணன் இருக்காரா அக்கா?" என்றாள். இல்லை என்று சொன்னேன். எப்போது, எப்படி என்று கேட்டு அழுதாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "வெள்ளத்துல வீட்டுல இருந்த படமெல்லாம் போயிருச்சிக்கா. பிள்ள மொகம் எனக்கு மறக்குது. முன்னலாம் கண்ண மூடுனா வரும். இப்ப வரமாட்டேங்குது. அண்ணன் எடுத்தது எதாச்சும் இருக்குமா?"

"இருக்கும். அவரு அழிக்க மாட்டாரு" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

டிராயரைத் திறந்தேன். நீல உறை இல்லை. அலமாரி, கட்டிலுக்கடியில், காருக்குள், எங்கும் இல்லை. சுங்கை பூலோவில் இருக்கும் ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன். அவள் யோசித்துவிட்டு, "அம்மா, அப்பா அதப் பையிலதானே வெப்பாரு. பக்கத்து ஜிப்புல" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கும் உறைத்தது. 

மறுநாள் கல்லறைக்கு வந்தேன். பூ கொண்டுவரவில்லை, கவனித்திருப்பீர்கள். தோண்டலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அவ்வளவு வெறி வந்தது. கிள்ளானில் பாதிப் பேருடைய கல்யாணம், சடங்கு, சாவு எல்லாம் உங்கள் காலடியில் மண்ணுக்குள் கிடக்கிறது. நம் வீடும் கிடக்கிறது. பையைத் தூக்கி வந்த உங்கள் அக்காவைத் திட்டினேன், ஜிப்பைப் போட்டு வைத்த உங்களைத் திட்டினேன். பக்கத்துக் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்த ஆன்டி பயந்துபோய்த் தள்ளி நின்றார்.

இனி இருப்பது உங்கள் பழைய கம்ப்யூட்டர் ஒன்றுதான். ஸ்டெல்லா வந்து அதன் சுவிட்சைத் தட்டினாள். உள்ளே இருந்து டிக், டிக் என்று நகத்தால் தகரத்தைத் தட்டுவது மாதிரி ஒரு சத்தம். சட்டென்று அணைத்துவிட்டாள். "உள்ள இருக்குற டிஸ்க் சாகப் போகுதும்மா. சும்மா சும்மா தொறந்து பாக்கக் கூடாது. புதுசு ஒண்ணு வாங்கிட்டு வந்து, ஒரே தடவ தொறந்து, எடுக்குறத எடுத்துடணும்."

பிரிக்ஃபீல்ட்ஸில் நீங்கள் எப்போதும் போகிற கடைக்கே போனேன். கொமுட்டர் ரயிலில் ஏறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி, நீங்கள் பிறந்து வளர்ந்த ரயில்வே குவாட்டர்ஸ் பக்கம் தலையைத் திருப்பாமல் நடந்தேன். கடைக்காரச் சீனருக்கு என் முகம் நினைவிருந்தது. "ஆன்டி, பாஸ் மானா?" என்று நீங்கள் எங்கே எனக் கேட்டார். மலாயில் எனக்கு வந்தது ஒரே சொல்தான். "மெனிங்கல்" என்றேன். செத்துப்போனார் என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடிந்ததில் எனக்கே ஆச்சரியம். அவர் எழுந்து போய்க் கடையில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார்.

எவ்வளவு பெரியது வேண்டும், படம் வைக்கவா சினிமா வைக்கவா என்று கேட்டார். "சாவு வீட்டுப் படம் வைக்க" என்று சொல்லத் தெரியாமல், படம் என்றேன். உங்கள் கம்ப்யூட்டர் எவ்வளவு பழசு என்பது அவருக்குத் தெரியும். புது ஒயரின் முனை அதில் நுழையாது என்று, இடையில் மாட்டுகிற சின்னத் துண்டு ஒன்றையும் பையில் போட்டுக் கொடுத்தார். வாசல் வரை வந்து, முக்கியமானதை எப்போதும் இரண்டு இடத்தில் வை, ஒன்று வீட்டில், ஒன்று வெளியே என்று மலாயிலேயே புத்தி சொன்னார். ஒன்று ஏற்கெனவே வெளியேதான் இருக்கிறது என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஸ்டெல்லா வந்தாள். முதலில் புது டிஸ்க்கைத் தன் லேப்டாப்பில் செருகித் தயார் பண்ணினாள். இதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று திரையில் ஒரு கேள்வி வந்தது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "புதுசும்மா, இதுல அழியறதுக்கு ஒண்ணுமே இல்ல" என்றாள். பிறகு டிஸ்க்குக்கு ஒரு பெயர் வைக்கச் சொல்லிக் கேட்டது. "என்ன பேரும்மா போட?"

"பொட்டிக்குள்ள வெக்காதீங்கன்னு போடு."

நீங்கள் போனதிலிருந்து அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சிரித்துக்கொண்டே வந்தவள் பாதியில் அழுதுவிட்டாள். கடைசியில் "அம்மா" என்று போட்டாள்.

உங்கள் கம்ப்யூட்டரின் முன்பக்கத்தில் செருகினால் புது டிஸ்க்கின் விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. "பின்னால குத்துனாத்தான் கரண்ட் ஒழுங்கா வரும்" என்று நீங்கள் முனகிக்கொண்டே மேசைக்கடியில் தவழ்வது ஞாபகம் வந்தது. நானும் தவழ்ந்தேன். தூசிக்குள் உங்கள் லென்ஸ் மூடி ஒன்று கிடந்தது. நான்தான் கூட்டிப் பெருக்கி எறிந்துவிட்டேன் என்று இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்தீர்களே, அதே மூடி. அதை ஒரு கையில் இறுக்கிக்கொண்டு ஒயரைப் பின்னால் செருகினேன். விளக்கு நின்று எரிந்தது.

கம்ப்யூட்டர் திறந்ததும் டிக், டிக் தொடங்கிவிட்டது. திரையில் ஒரு பக்கம் "ஜெஞ்சாரோம் ஷாலினி". இன்னொரு பக்கம் "வீடு".

"எதும்மா மொதல்ல? எவ்ளோ நேரம் தாங்கும்னு தெரியல. நான் சொல்றேன், நம்ம வீட்ட மொதல்ல எடுத்துடலாம்" என்றாள் ஸ்டெல்லா.

எனக்கும் அதுதான் வேண்டும். கூசாமல் சொல்கிறேன், அந்தப் பிள்ளையின் முகத்தைவிட உங்கள் குரல்தான் எனக்கு வேண்டும். ஆனால் சரோஜாவிடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அன்னிக்கி நம்மகிட்ட இருக்கணும்லா என்று நீங்கள் என் காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அவள் ஒருநாள் வருவாள் என்று வைத்திருந்தது நீங்கள், வந்தபோது இல்லை என்று கைவிரிக்கப்போவது நானா? "அந்தப் பிள்ளையோடத மொதல்ல எடு. ஒண்ணுதானே, ஆயிரும்" என்றேன்.

ஆகவில்லை. கொடுக்காத வீடியோ என்பதால் வெட்டாமல், பாட்டுப் போடாமல், எடுத்தபடியே அவ்வளவு பெரியதாகக் கிடந்தது. பச்சைக் கோடு ஊர்ந்தது, நின்றது, ஊர்ந்தது. நான் ஜெபமாலை சொன்னேன். மத்தியானச் சோறு ஆறிப்போனது. ஒருவழியாக முடிந்ததும் ஸ்டெல்லா பாய்ந்து "வீடு" கோப்புறையை இழுத்துப் போட்டாள். பச்சைக் கோடு தொடங்கவே இல்லை. ஒரு நீண்ட கீச்சுச் சத்தம், பிறகு நீலத் திரை, பிறகு ஒன்றுமில்லை. டிக் டிக் கூட நின்றுவிட்டது. உள்ளே இருந்த பழைய டிஸ்க்கைக் கழற்றி இரண்டு இடத்தில் கொண்டுபோய்க் காட்டினாள். உள்ளே தகடு கீறிப்போய்விட்டது, இனி எடுக்க முடியாது என்று இரண்டு இடத்திலும் சொன்னார்கள்.

உங்களை அன்றைக்குத் திட்டிய மாதிரி கல்யாணமான நாளிலிருந்து திட்டியதில்லை. ஊரான் பிள்ளைக்கு ஒரு நியாயம், நமக்கு ஒன்றா? கல்லு நெஞ்சு, கல்லு நெஞ்சு என்று உங்கள் படத்தைப் பார்த்துக் கத்தினேன். ஸ்டெல்லா கதவைச் சாத்தினாள்.

அடுத்த சனிக்கிழமை சரோஜா வந்தாள். இளைத்துப் பாதியாகியிருந்தாள். காப்பியைத் தொடவில்லை. ஸ்டெல்லா புது டிஸ்க்கை லேப்டாப்பில் செருகி முதலில் சடங்குப் படங்களைக் காட்டினாள். மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் வாங்கிய பாவாடை தாவணி என்று சரோஜா திரையைத் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். "ஆமா, இந்தப் பக்கம் மச்சம். மறந்தே போயிட்டேன். பெத்தவ மறப்பாளா?" என்று என்னைக் கேட்டாள்.  அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்தது சாவு வீடியோ, இங்கே பார்க்க வேண்டாம், வீட்டில் போய்ப் பார்த்துக்கொள் என்றேன். "தனியா பாக்க எனக்கு தைரியம் இல்லக்கா. இங்கேயே போடுங்க" என்றாள்.

பெட்டி. அதே பாவாடை தாவணி. சுற்றிலும் சனம். அழுகைச் சத்தத்துக்கு நடுவே, பக்கத்தில் நின்று சொல்கிற மாதிரி நீங்கள். "யாரும் கீழ பாக்காதீங்க. தங்கச்சி… ஒரு நிமிஷம் என்னைப் பாருங்க."

ஸ்டெல்லா என் தோளைப் பிடித்தாள். நீங்கள் பாட்டுப் போடாமல் விட்டது. வாங்க வராததால் அழிக்காமல் விட்டது. இதில் உங்கள் குரல் இருக்கும் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

பிறகு "சரி, நிறுத்திட்டேன். அழுங்க, பரவால்ல" என்கிறீர்கள். நிறுத்தவில்லை. பட்டனை ஒழுங்காக அழுத்தவில்லை போலிருக்கிறது. கேமரா உங்கள் கையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே போகிறது. நாற்காலிக் கால்கள், கழற்றிப் போட்ட செருப்புகள், சிமெண்டுத் தரை, வீட்டுக்குப் பின்னால் ஒரு கால்வாய். அங்கே நின்றுவிட்டீர்கள். முதலில் இருமல் என்றுதான் நினைத்தேன். இருமல் இல்லை. "மாதாவே, சின்னப் பிள்ள… சின்னப் பிள்ள மாதாவே" என்று நீங்கள் தேம்பித் தேம்பி அழுகிறீர்கள். யாரோ வருகிற சத்தம். "ஒண்ணுமில்லண்ணே, தூசி" என்று மூக்கைச் சிந்துகிறீர்கள். அதோடு முடிந்துவிட்டது.

அன்று சாயங்காலமும் வீட்டுக்கு வந்து என்னிடம் டீ கேட்டிருப்பீர்கள்.

சரோஜா திரையைப் பார்த்தபடியே இருந்தாள். "எம்பிள்ளைக்கு அண்ணன் அழுதாரா? எனக்குத் தெரியாதேக்கா" என்றாள். அப்புறம் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம், யார் யாருக்காக என்று தெரியவில்லை. ஸ்டெல்லா எல்லாவற்றையும் ஒரு சின்ன பென் டிரைவில் போட்டுக் கொடுத்தாள். சரோஜா வாசல் வரை போய்த் திரும்பி வந்து, "உங்ககிட்டயும் ஒண்ணு இருக்கட்டும். அழிச்சிடாதீங்க. அண்ணன் கொரலாச்சே" என்றாள்.

அதனால்தான் இந்த டிஸ்க் டிராயரில் இருக்கிறது. வேறு எதுவும் அதில் இல்லை. நம் வீட்டில் நீங்கள் சிரித்துப் பேசியதெல்லாம் போய்விட்டது; மிஞ்சியது நீங்கள் வேறொருத்தி பிள்ளைக்காக மறைந்து நின்று அழுதது. உங்களைக் கேட்க வேண்டுமானால் நான் முதலில் அந்தப் பிள்ளையைப் பார்க்க வேண்டும். பாவாடை தாவணியைப் பார்க்க வேண்டும், சரோஜா மாரில் அடித்துக்கொள்வதைப் பார்க்க வேண்டும். பூசையில் உங்கள் பெயரோடு இப்போது ஷாலினியின் பெயரையும் எழுதிக் கொடுக்கிறேன். ஃபாதர் நம் வீட்டுப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் திருத்தவில்லை.

இன்று காலையும் போட்டேன். லென்ஸ் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு நிமிஷம் என்னைப் பாருங்க என்கிறீர்கள். படத்தில் இருக்கிற எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்கிறார்கள், உங்களைப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு நீங்கள் தெரிகிறீர்கள். எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் கீழே பார்க்காமல், குரல் வருகிற பக்கமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.